காவேரியின் கட்டைக்குரல்

காது ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு பயந்துகொண்டிருப்பவர்கள் இப்போதெல்லாம் பஸ்ஸிலேயே என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். டிக்கெட் கிழித்துக்கொண்டே எவ்வளவு சொல்ல முடியும்? பாதி சொல்வதற்குள் அவர்கள் இறங்குமிடம் வந்துவிடுகிறது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, கொல்லிமலை பஸ்ஸில் கண்டக்டர். எனக்கு நடந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

சின்ன வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. தாடை உப்பி, காய்ச்சல் அடித்து, ஒருவழியாக வடிந்தது. இடது காது மட்டும் திரும்பி வரவில்லை. திண்ணனூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) எங்கள் ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாமி இரண்டாகக் கொடுத்ததே ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதானே என்று விட்டுவிட்டார்கள். நானும் வலது காதை வைத்துக்கொண்டே படித்து, வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் முடித்துவிட்டேன்.

முப்பது வயதுக்கு மேல் அந்த வலது காதும் கழன்றுகொள்ள ஆரம்பித்தது. முதலில் போனது என் விசில். ஊதுகிறேன், பஸ் நிற்கிறது. மறுபடி ஊதுகிறேன், கிளம்புகிறது. சத்தம் மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் குண்டு தேய்ந்துவிட்டது போல என்று புது விசில் வாங்கினேன். அதுவும் ஊமையாக இருந்தது. கடைக்காரனைத் திட்டிக்கொண்டே மூன்றாவதாக ஒன்று வாங்கியபோது எங்கள் டிரைவர் பழனிச்சாமி அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவர் அடிவாரத்துக்காரர், சொந்தக் காட்டில் வெங்காயமும் சோளமும் போடுகிறவர், தேவையில்லாமல் வாய் திறக்கமாட்டார்.

"ஏனப்பா, விசிலு நல்லாத்தான கத்துது? எதுக்கு மாத்தி மாத்தி வாங்கற?" என்றார்.

அன்றைக்குத்தான் கோளாறு விசிலில் இல்லை என்று தெரிந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகப் போயிற்று. குருவிகள் போயின. செல்போன் மணி போயிற்று. பேச்சில் 'ச'வும் 'த'வும் 'க'வும் உதிர்ந்து வெறும் முனகல் மட்டும் வந்தது. ஆனால் கட்டையான சத்தங்கள் அப்படியே இருந்தன. இடி கேட்டது, எருது கத்துவது கேட்டது, கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் பஸ் ஏறும் உறுமல் நன்றாகக் கேட்டது.

செவிட்டுக் கண்டக்டர் எப்படி டிக்கெட் கொடுத்தான் என்று கேட்பீர்கள். எங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் யாரும் 'எங்கே' என்று சொல்லத் தேவையில்லை. முகத்தைப் பார்த்தாலே ஊர் தெரியும். கையில் உரச்சாக்கு இருந்தால் சொந்த ஊர், கையில் பலகாரம் இருந்தால் சம்பந்தி ஊர். ஆடிப் பதினெட்டுக் கோயில் திருவிழாவுக்குக் கீழேயிருந்து கூட்டம் ஏறும்போதுதான் மாட்டிக்கொள்வேன். எவர் கேட்டாலும் கோயிலுக்கே டிக்கெட் கிழித்துவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

இனி காவேரி. என் மனைவி, ஆலத்தூர் நாட்டுக்காரி. பெண் பார்க்கப் போன அன்று உள்ளேயிருந்து "வாங்கோ, உக்காருங்கோ" என்று கனமாக ஒரு குரல் வந்தது. பெண்ணின் அப்பா கூப்பிடுகிறார் என்று எழுந்து நின்று கும்பிட்டேன். தண்ணீர்ச் செம்போடு வந்தது காவேரி. அந்தக் கட்டைக்குரலை வைத்து அவளைக் கேலி செய்யாத ஆளே எங்கள் சொந்தத்தில் கிடையாது. அவள் தோட்டத்தில் நின்று கூப்பிட்டால் அடுத்த மேட்டில் ஏர் ஓட்டுகிறவன் மாட்டை நிறுத்துவான் என்பார்கள். எல்லாக் குரலும் என்னை விட்டுப் போன பிறகு கடைசி வரை நின்றது அந்த ஒரு குரல்தான். பாதி கேட்கும், பாதி பழக்கத்தில் புரிந்துவிடும். நாங்கள் இருவரும் சண்டை போடக்கூட முடிந்தது.

மகள் செல்விக்குத் தாயின் குரல் வரவில்லை. கீச்சுக்குரல். அவள் பேசப் பழகிய காலத்தில் என் காது மங்கத் தொடங்கிவிட்டது. அவள் வாய் அசைவது தெரியும், எனக்கு எதுவும் வந்து சேராது. அவள் பேசுவாள், காவேரி அதைத் தன் குரலில் எனக்குச் சொல்வாள். நடுவில் காவேரியின் சொந்தச் சரக்கும் கலந்துவிடும். மகள் நோட்டு வேண்டும் என்று கேட்டால், நோட்டும் அம்மாவுக்கு ஒரு சேலையும் வேண்டும் என்று வந்து சேரும். வெளியில் சிரித்துக்கொண்டாலும், பெற்ற பிள்ளையின் பேச்சை இன்னொருவர் வாயால் கேட்பது எனக்குத் தாங்க முடியாததாகத்தான் இருந்தது. அவள் ஏழாம் வகுப்பு போன பிறகு என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தால்தான் பேசலாம் என்றால் எந்தப் பிள்ளைக்கும் சலித்துத்தானே போகும்.

காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் இரண்டு வாங்கிப் பார்த்தேன். சத்தம் பெரிதாயிற்றே தவிர சொல் தெளியவில்லை. இரைச்சலில் இன்னும் கொஞ்சம் இரைச்சல் சேர்ந்தது, அவ்வளவுதான். கடைசியில் பழனிச்சாமி அண்ணன் தன் சொந்தக்காரப் பையன் ஒருவனுக்குக் கோயம்புத்தூரில் காதுக்குள் கருவி வைத்தார்கள் என்று சொல்லி, விலாசம் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அந்த ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். கதவைச் சாத்தினால் வெளியுலகமே இல்லை. காதில் ஹெட்போன், கையில் ஒரு பித்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். நித்யா என்ற பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் அனுப்பினார். கட்டைச் சத்தத்துக்கெல்லாம் சரியாக அழுத்தினேன். அப்புறம் வெகுநேரம் எதுவும் வரவில்லை. காபி குடிக்கப் போய்விட்டார் போல என்று நினைத்தேன். பார்த்தால் அவர் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் வரைந்து காட்டிய கோடு கொஞ்ச தூரம் மேட்டில் போய், அப்புறம் நேராகப் பள்ளத்தில் விழுந்திருந்தது. எங்கள் மலைச் சரிவு அப்படித்தான் இருக்கும்.

டாக்டர் பொறுமைசாலி. எதிரில் உட்கார்ந்து, வாயசைவு தெரியும்படி மெதுவாகப் பேசினார். எனக்குப் பிடிபடாததைக் காவேரி தன் குரலில் சொன்னாள். காதுக்குள்ளே கடைசியில் நத்தைக் கூடு போல ஓர் உறுப்பு சுருண்டிருக்கிறதாம். கீச்சுச் சத்தங்களை வாங்கும் நுண்ணிய ரோமங்கள் அதன் வாசலோரத்தில் இருக்கும். கட்டைச் சத்தங்களை வாங்குபவை உள்ளே போய், சுருளின் கடைசியில் இருக்கும். எனக்கு வாசலோரம் முழுக்கப் பட்டுப்போய்விட்டது. உள்ளறை மட்டும் உயிரோடு இருக்கிறது. அதை எஞ்சிய கேட்புத்திறன் என்கிறார்கள். நான் மிச்சக் காது என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

"நத்தைக்குள்ள ஒரு மெல்லிய கம்பி விடுவோம். பட்டுப்போன ரோமம் செய்யற வேலைய அது செய்யும். வெளிய ஒரு மெஷின் மாட்டிக்கணும்" என்றார் டாக்டர். "எந்தக் காதுன்னுதான் கேள்வி. இடது காதுல வச்சா உங்களுக்கு இழக்க ஒண்ணுமில்ல. ஆனா சின்ன வயசுல இருந்து சத்தமே போகாத நரம்பு அது. வச்சும் பேச்சு புரியாமப் போகலாம். வலது காதுல வச்சா நல்லா புரிய வாய்ப்பு அதிகம். ஆனா கம்பி போறப்ப உள்ள இருக்கற மிச்சமும் போயிடலாம். அதக் காப்பாத்துற மாதிரிதான் செய்வோம். நிச்சயம்னு என்னால சொல்ல முடியாது."

"மிச்சம் போனா என்னாகுமுங்க?" என்றேன்.

"மெஷின் வழியா எல்லாம் கேக்கும். ஆனா பழைய மாதிரி இருக்காது. மெஷினக் கழட்டினா ஒண்ணுமே கேக்காது."

எனக்கு நொடியில் விளங்கிவிட்டது. வலது காது என்றால் செல்வியின் குரல் வரலாம், காவேரியின் குரல் போகலாம். இடது காது என்றால் காவேரி இருப்பாள், செல்வி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். உள்ளது போதும், இடதே இருக்கட்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் காவேரி ஊர் வந்து சேரும்வரை வாயே திறக்கவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் அண்ணன், "பூக் கேட்டுப்போடலாம்" என்றார். எங்கள் பக்கம் கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் சாமியிடம் பூக் கேட்காமல் ஆரம்பிப்பதில்லை. வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட வேண்டும். ஒரு சின்னக் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும். எடுத்ததுதான் சாமியின் வாக்கு. மற்றதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, அது சாமியைச் சோதிப்பது போலாகும். வெள்ளை வந்தால் வலது காது, சிவப்பு வந்தால் இடது காது என்று பேசிக்கொண்டோம். பூப்பறித்து மடித்தது காவேரி. எடுத்தது அண்ணனின் பேத்தி. வெள்ளை வந்தது.

சாமியே சொன்ன பிறகு நான் என்ன பேசுவது? மிளகு விற்ற காசும், நிலத்து ஓரம் நின்ற சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றதும், டிப்போ நண்பர்கள் கேட்காமலே நீட்டியதும் சேர்ந்து செலவை எப்படியோ ஈடுகட்டின. மரத்தோடு அதில் ஏறியிருந்த மிளகுக் கொடியும் போனதுதான் வருத்தம்.

வைகாசியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். காவேரி கூட இருந்தாள், செல்வியை என் அண்ணன் வீட்டில் விட்டிருந்தோம். முதலில் ஓர் ஊசி, மூளைக்காய்ச்சல் வராமல் தடுக்க. உள்ளே கம்பி வைப்பதால் கிருமி மேலே ஏறிவிடக் கூடாதாம். அப்புறம் ஸ்கேன். குழாய்க்குள் படுக்க வைத்ததும் மற்றவர்களெல்லாம் சத்தம் தாங்கவில்லை என்று அலறுவார்களாம். எனக்கோ அந்தத் தடதடப்பு சொந்த பஸ்ஸில் படுத்தமாதிரி இருந்தது, தூங்கிவிட்டேன். எழுப்பியவருக்கு என்மேல் ஏகப்பட்ட மரியாதை.

வார்டில் காவேரி பேசினால் கடைசிக் கட்டில் வரை எல்லோரும் திரும்பினார்கள். நர்ஸ் வந்து கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொன்னார்.

"இவருக்கு இப்பிடிப் பேசினாத்தானுங்க கேக்கும். இல்லாட்டி எனக்கென்னங்க ஆசையா?" என்றாள் காவேரி. இரண்டே நாளில் அந்த நர்ஸ், காது கேளாத மற்ற நோயாளிகளுக்குச் சேதி சொல்லவும் காவேரியைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இவளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அய்யா, ஒண்ணுக்குப் பிடிச்சுக் குடுக்கோணுமாம்" என்று கட்டில் கட்டிலாகப் போய்ச் சொன்னாள். சொல்லப்பட்டவர் கூச்சத்தில் நெளிந்தார். வார்டே சிரித்தது.

பழனிச்சாமி அண்ணன் தன் ஓய்வு நாளில் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். வாசலில் தடுத்திருக்கிறார்கள். நோயாளிக்கு மலைப் பலா ஆகாது என்று யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். அறுத்ததும் வாசனை மாடி வரை போயிற்று. டாக்டர் வீட்டுக்கும் சுளை போயிற்று. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயில்லாம அந்தப் புதுப் பையன் ஊதற விசிலு ஒரு கணக்கே இல்லப்பா. சீக்கிரம் வந்து சேரு" என்றார். காவேரி சொல்லித்தான் எனக்கு வந்து சேர்ந்தது என்றாலும், அவர் வாயிலிருந்து அது பெரிய பேச்சு.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம் இளம் டாக்டர் ஒருவர் வந்து, தவறு நடக்காமலிருக்க என் வலது காதுக்குக் கீழே பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார். காவேரி அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"ஏம்புள்ள, எனக்குத்தான ஆபரேசன்?" என்றேன்.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூவுதானுங்க" என்றாள்.

முதலில் புரியவில்லை. அப்புறம்தான் பிடிபட்டது. சாமி முன்னால் பொட்டலத்தில் பொய் வைத்திருக்கிறாள். எங்கள் மலையில் இப்படி ஒருத்தி செய்தாள் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. சாமி சொன்னது என்று நம்பித்தான் அத்தனை தைரியமாகக் கட்டிலில் படுத்திருந்தேன். அந்தத் தைரியம் முழுக்க ஒரே நொடியில் போய்விட்டது.

"எந்திரி, ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

"போனா என்னங்க ஆகும்? செத்த காதுல கம்பியச் சொருகிக்கிட்டு வருவீங்க. அந்தப் புள்ள இன்னும் எத்தன வருசத்துக்கு எம்பட வாயிலயே பேசும்? நாளைக்கு அவ ஒரு ஊட்டுக்குப் போயி, கஷ்டமோ நஷ்டமோ, போன் போட்டு அப்பாகிட்டச் சொல்லோணுமின்னா நான் நடுவுல நிக்கோணுமா? அம்மாவ வச்சுக்கிட்டுச் சொல்ல முடியாததும் இருக்குமில்லீங்க."

"உம்பட பேச்சு எனக்குக் கேக்காமப் போயிட்டா?"

"போச்சாது போங்க. எல்லாரும் கிண்டல் பண்ற கொரலுதான" என்று மூக்கைச் சிந்தினாள். "இத்தன வருசம் கேட்டீங்கல்ல, போதும்."

இவளுக்கு என்மேல் இவ்வளவு பிரியமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொன்னால் பொய். முன்பே தெரியும். ஆனால் அது எந்த விலைக்கும் போகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் டாக்டர் வந்தபோது நான் வெட்கத்தை விட்டுப் பூ விவகாரத்தை முழுக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காவேரியை ஒரு தடவை பார்த்தார். "என்னைக் கேட்டிருந்தா நானும் வலதுதான் சொல்லியிருப்பேன். ஆனா காது உங்களுது. பூவையும் விடுங்க, இந்த அம்மாவையும் விடுங்க. நீங்க சொல்லுங்க, நாளைக்குச் செய்யலாமா?"

அப்போது என் கணக்கில் சாமியும் இல்லை, காவேரியும் இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன். வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, அம்மா பக்கத்தில் இல்லையென்று பேசாமல் எழுந்து போன செல்வியை நினைத்தேன். ஒரு தடவையா, எத்தனையோ தடவை. "வலதே செய்யுங்க" என்றேன். "மிச்சத்த மட்டும் எப்பிடியாவது காப்பாத்திக் குடுங்க சார்" என்றபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது.

சாமிக்குச் செய்த தப்புக்கு, மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து கட்டில் காலில் கட்டினாள் காவேரி. மறுநாள் காலையில் நர்ஸ் அதை அவிழ்க்கச் சொல்லவில்லை. சக்கரக் கட்டில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனபோது, முடிச்சை அவிழ்த்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு கதவு வரை கூடவே வந்தாள். ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அந்தக் குரலைக் காதுக்குள் பிடித்துவைக்கப் பார்த்தேன். என்ன சொன்னாள் என்பதைக் கவனிக்கவில்லை.

உள்ளே நடந்ததை டாக்டர் அப்புறம் சொன்னதுதான். காதுக்குப் பின்னால் எலும்பில் வழி செய்துகொண்டு போய், நத்தையின் வாசலில் இருக்கும் சவ்வில் சின்னத் திறப்பு மட்டும் போட்டார்களாம். உள்ளே இருக்கும் நீர் சிந்திவிடாமல், வீக்கம் வராமலிருக்க மருந்தைத் துளியாக விட்டு, மிருதுவான குட்டைக் கம்பியை மெல்ல மெல்ல நுழைத்தார்களாம். வேகமாகத் தள்ளினால் உள்ளறை கலைந்துவிடும். கம்பி உள்ளறை வரை போகாமல் பாதியிலேயே நிற்க வேண்டும். "உங்க டிரைவர் கடைசி வளைவுல எப்படித் திருப்புவார்? அப்படித்தான்" என்றார்.

கண் விழித்ததும் ஒரே தலைசுற்றல். மலையேறும்போது வளைவுக்கு வளைவு ஜன்னலில் தலையை நீட்டுகிறவர்களை இத்தனை வருடம் கேலி பேசியிருக்கிறேன். அத்தனை பேருக்கும் அன்று ஒரே நாளில் பதில் சொன்னேன். நாக்கில் செப்புக்காசைச் சப்பியது போல ஒரு ருசி. டாக்டர் சைகை காட்டிச் சிரிக்கச் சொன்னார், கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். முகத்து நரம்பு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காம். தலையில் பெரிய கட்டு. காவேரி குனிந்து என்னவோ கேட்டாள். வாய் அசைந்தது.

எதுவும் கேட்கவில்லை.

கட்டைப் பிரித்த பிறகும் கேட்கவில்லை. அவள் இன்னும் பக்கத்தில் வந்து, இன்னும் பலமாகப் பேசினாள். பக்கத்துக் கட்டில்காரர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். எனக்கு அவள் கழுத்து நரம்பு புடைப்பது மட்டும் தெரிந்தது. நித்யா ஓர் அட்டையில் எழுதிக் காட்டினார்: உள்ளே ரத்தமும் நீரும் கட்டியிருக்கிறது, அது வற்ற வேண்டும், போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். வற்றினால் வந்துவிடுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்று எழுதினார். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

தையல் பிரித்து ஊருக்கு அனுப்பினார்கள். வெளி மெஷினை மாட்டி முடுக்கிவிடக் கொஞ்ச வாரங்கள் போக வேண்டும், புண் ஆற வேண்டும். அந்த வாரங்களைப் போல மோசமான காலம் என் வாழ்க்கையில் இல்லை. புதுக் காது இன்னும் வரவில்லை, பழைய காதும் இல்லை. முழுச் செவிடு என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. மழை பெய்தால் தகரக் கூரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

தினமும் காலையில் காவேரி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று என்னவோ சொல்வாள். வாயசைவு பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்றுதான் பின்னால். சொல்லி முடித்துத் தோளைத் தொடுவாள். நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று. அவள் போய் அடுப்பு வேலையைப் பார்ப்பாள். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அம்மா என்ன சொல்கிறாள் என்று செல்வியிடம் எழுதிக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, 'சொல்லக் கூடாதாம்' என்று எழுதினாள்.

ஆனி பிறந்திருந்தது. ஒரு நாள் காலையில் வாசற்படியில் உட்கார்ந்து, காய வைத்திருந்த ராகியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகமூட்டம். காதுக்குள் ஏதோ கனத்த சத்தம், தூரத்தில் லாரி ஏறுகிறது போல. லாரி வரும் நேரமில்லையே என்று நினைத்தேன். அந்த லாரி கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தது.

"...அடுப்புல பாலு பொங்கி ஊத்துது, இந்த மனுசன் கல்லாட்டம் உக்காந்திருக்காரு. இந்தாளக் கட்டிக்கிட்டு நான் என்ன சொகத்தக் கண்டேன்..."

"பாலு பொங்கினா போயி எறக்கி வையேன் புள்ள. எங்கிட்ட வந்து சொன்னா?" என்றேன்.

பின்னால் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் காவேரி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பால் நிஜமாகவே பொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் எழுந்து போகவில்லை. செல்விதான் ஓடி வந்து இறக்கினாள்.

கோயம்புத்தூரில் நித்யா மறுபடி கண்ணாடி அறையில் உட்கார வைத்துக் கோடு வரைந்தார். பழைய மேடு கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. பிற்காலத்தில் இன்னும் இறங்கவும் செய்யலாம், எல்லோருக்கும் இப்படிக் காப்பாற்ற முடிவதில்லை என்றும் சொன்னார். இதைப் படிக்கிறவர்கள் அந்த வரியை இரண்டு தடவை படியுங்கள். எனக்கு நல்லபடியாக ஆனது என்பதற்காக எல்லோருக்கும் ஆகும் என்று நான் சொல்லமாட்டேன்.

அன்றைக்கே மெஷினை மாட்டி முடுக்கிவிட்டார்கள். செல்வியும் வந்திருந்தாள். பேசச் சொன்னார்கள். சேகோ பேக்டரிச் சல்லடையில் ஜவ்வரிசி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இதுவா என் மகள் என்று மனசு கசந்தது. நித்யா பொறுக்கச் சொன்னார், மூளை பழக வேண்டுமாம். வாரக்கணக்கில் செல்வி தன் பிளஸ் டூ பாடப் புத்தகத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். ஜவ்வரிசி மெல்ல மெல்லச் சொல்லாயிற்று. ஒரு நாள் தோட்டத்தில் மரவள்ளிக்குச்சி நட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "அப்பா, அம்மா சொல்ற டைப்ரைட்டிங் எனக்கு வேண்டாம், நர்சிங் படிக்கிறேனுங்கப்பா. அம்மாகிட்ட இன்னும் சொல்லல" என்று கேட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தில், நர்சிங்கா என்று யோசிக்காமலே சரி என்றுவிட்டேன். அப்புறம் காவேரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மெஷின் இருந்ததால் ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

சாமிக்கு முடிந்த காசை உண்டியலில் போட்டோம். அண்ணனிடம் பூ விஷயத்தை இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார், தெரிந்துகொள்ளட்டும்.

இப்போது பஸ்ஸில் எல்லாமே கேட்கிறது. தேவைக்கு மேலேயே கேட்கிறது. ஆனால் காலையில் எழுந்ததும் நான் மெஷினை மாட்டுவதில்லை. பெட்டியிலேயே கிடக்கட்டும் என்று அடுப்படி ஓரத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். காவேரி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்னி அரைத்துக்கொண்டோ, விறகைத் தள்ளிக்கொண்டோ பேசிக்கொண்டிருப்பாள். மாமியார் காலத்துக் கதையிலிருந்து நேற்றைய மிளகு விலை வரை இருக்கும். கம்பியும் பேட்டரியும் இல்லாமல், பெண் பார்க்கப் போன அன்று கேட்டதே வந்து சேர்கிறது.

லீவுக்கு நர்சிங் விடுதியிலிருந்து வந்த செல்வி நேற்றுக் காலையில் வேகமாக வந்து என் எதிரில் நின்று என்னவோ கேட்டாள். வாய் மட்டும் அசைந்தது. காவேரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இரு கண்ணு, அப்பா இன்னும் மெஷின் மாட்டல" என்றாள். "இது எம்பட நேரம்."